வலப்பக்கம் விழுந்த பூ

ஆடி பிறந்துவிட்டால் எங்கள் பக்கத்தில் எல்லோருமே கொஞ்சம் கத்தித்தான் பேச வேண்டியிருக்கும். பாலக்காட்டுக் கணவாயில் நுழைந்த காற்று கோயமுத்தூர், பல்லடம், காங்கயம் என்று தடையில்லாமல் ஓடி வந்து சென்னிமலை அடிவாரத்துத் தென்னைகளைப் பிடித்து உலுக்கும். கொடியில் போட்ட வேட்டியைப் பக்கத்துத் தோட்டத்து வேலியில் போய் எடுக்க வேண்டும். சோற்றுத் தட்டில் கை வைப்பதற்குள் மண் வந்து உட்கார்ந்துகொள்ளும். பொறுமைசாலிகளுக்கே அந்த ஒரு மாதம் பொறுமை இருக்காது. பாலுசாமிக்கு அது மற்ற பதினோரு மாதமும் கிடையாது.

இரண்டாயிரத்துப் பன்னிரண்டாம் வருஷத்து ஆடியில் அவர் மூன்று ஏக்கர் கொத்தவரையை வைத்துக்கொண்டு தவித்தார். காய்க்குப் போட்ட கொத்தவரை இல்லை, விதைக்குப் போட்டது. எங்கள் பக்கத்தில் அதுவரை யாரும் செய்யாத வேலை. மூன்று தலைமுறையாக மஞ்சள் விளைந்த பூமி அது. முந்தின பட்டத்தில் மஞ்சள் விலை விழுந்த விழுதில், வேகவைத்துக் காயப்போட்ட கிழங்கை ஈரோட்டுக் குடோனில் அப்படியே போட்டுவிட்டு வந்தார். வந்த வேகத்தில், இனி மஞ்சளைக் கையால் தொடுவதில்லை என்றும் சொல்லிவிட்டார். அந்த நேரம் பார்த்துத்தான் வடக்கேயிருந்து ஒரு விதை ஏஜெண்டு மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினான்.

ஏஜெண்டு சொன்னதை அவர் நம்பவில்லை. பீளமேட்டில் இன்ஜினியரிங் படிக்கும் மகன் கிருபாசங்கரைப் போனில் பிடித்தார்.

"நெசந்தானுங்கப்பா" என்றான் அவன். "அமெரிக்காவுல பூமிக்குள்ள ரெண்டு மைல் ஆழத்துல கெட்டிப் பாறைங்க. அதுக்குள்ள எண்ணெயும் கேஸும் மாட்டிக் கெடக்குதாம். தண்ணியையும் மணலையும் வெசையா அடிச்சு அந்தப் பாறைய ஒடைக்கறாங்க. வெறுந்தண்ணின்னா மணலு அடியில தங்கிப்போயிருமுங்க. கஞ்சியாட்டம் இருந்தாத்தான் தூக்கிட்டுப் போகும். அதுக்குக் கொத்தவரை வெதைல எடுக்கற பசைதான் வேணுமாம். வெல பத்து மடங்கு ஏறிக் கெடக்குது."

"நம்ம தெக்குத் தோட்டத்துல ஆயிரத்து எரநூறு அடி போர் போட்டும் பொகைதான் வந்துச்சு. அவனுக்கு மட்டும் எண்ணெய் வருதா?"

"அவன் கொத்தவரை போட்டு அடிக்கறானுங்க."

பாலுசாமி அதோடு விட்டிருந்தால் அவர் பாலுசாமி இல்லை. எதையும் பூக் கேட்காமல் செய்கிற வழக்கம் அவருக்குக் கிடையாது. சென்னிமலை முருகன் சிரசில் அர்ச்சகர் பூவை வைப்பார். கேட்கிறவர்கள் மனதில் கேள்வியை வைத்துக்கொண்டு நிற்பார்கள். பூ சாமிக்கு வலப்பக்கம் விழுந்தால் உத்தரவு. இடப்பக்கம் விழுந்தால் வேண்டாம் என்று அர்த்தம். கிணறு வெட்டியதும், கல்யாணம் முடித்ததும், மகனை எந்தப் பிரிவில் சேர்ப்பது என்று முடிவு செய்ததும் அவருக்கு அந்தப் பூதான். கொத்தவரைக்கும் மலையேறிக் கேட்டார். வலப்பக்கம் விழுந்தது. பங்குனியில் விதைத்துவிட்டார்.

விதைப்பதற்குத்தான் சாமியைக் கேட்டாரே தவிர, தண்ணீர் பாய்ச்சுவதற்குக் கேட்கவில்லை. பூ எடுத்த பிறகு தண்ணீரை நிறுத்திவிட வேண்டும், செடி காய்ந்தால்தான் நெற்று நன்றாக முற்றும் என்று ஏஜெண்டு மூன்று தரம் சொல்லியிருந்தான். ஆனால் அந்த வருஷம் கரண்டு ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரம் இருந்தாலே பெரிய விஷயம். எப்போது வரும், எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் எல்லாத் தோட்டத்திலும் மோட்டாரை ஆட்டோ ஸ்டார்ட்டரில் போட்டு வைத்திருப்பார்கள். கரண்டு வந்தால் தானாகத் தண்ணீர் ஓடும். மஞ்சளுக்குத் தண்ணீர் கட்டியே பழகின மனுஷனுக்கு, வருகிற தண்ணீரை நிறுத்து என்று யார் சொன்னாலும் காதில் ஏறாது. ஓடும் தண்ணீரை அணைப்பது சாப்பிடுகிறவன் தட்டைப் பிடுங்குகிற மாதிரி என்பார். கொத்தவரை நெஞ்சு உயரத்துக்கு வளர்ந்து பச்சைப்பசேல் என்று நின்றது. பார்த்தவர்கள் எல்லாம் பாராட்டினார்கள். நெற்று முற்றத்தான் இருபத்தைந்து நாள் தள்ளிப் போனது.

ஆடி முதல் வாரம்தான் அறுத்தார்கள். களத்தில் போட்டு டிராக்டரை ஏற்றி மிதிக்கவிட்டு, அந்தக் காற்றிலேயே தூற்றினார்கள். தூற்றுவதற்கு மட்டும் ஆடிக் காற்றைக் குறை சொல்ல முடியாது. சாம்பல் நிறத்தில் சின்னச் சின்ன விதை. பதினான்கு மூட்டை தேறியது. உள்ளறையில் கட்டிலை வெளியே போட்டுவிட்டு மூட்டைகளை அடுக்கினார். கட்டில் வெளியே வந்த நாளிலிருந்து அவருக்குத் தூக்கமும் வெளியே போய்விட்டது.

ஆடிப் பதினெட்டு நோம்பிக்கு அவர் மனைவி சென்னியம்மாளின் தம்பி கதிரேசன் வந்தான். சென்னிமலையில் அவனுக்கு பெட்ஷீட்டில் பூப்போடும் பட்டறை இருக்கிறது. நீள நீளமாகப் பன்னிரண்டு டேபிள். அதன்மேல் துணியை விரித்து, சட்டத்தை வைத்து, சாயப் பசையை ரப்பர் கட்டையால் இழுத்து அச்சடிப்பார்கள். எந்த நோம்பிக்கு வந்தாலும் கதிரேசனின் நகக்கண்ணில் ஒரு நீலமோ சிவப்போ இருக்கும். எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்த்தாலும் போகாது. சென்னியம்மாள் ஒப்புட்டைத் தட்டில் வைக்கும்போது அவன் கையைப் பார்த்தாள். நகம் வெள்ளை வெளேரென்று இருந்தது. 

"ஏன் கண்ணு, பட்டறைக்குப் போறதில்லியா?"

"போறனுங்கக்கா. போயி உக்காந்துட்டு வாரேன்."

பாலுசாமி நெய்யை ஊற்றச் சொல்லித் தட்டை நீட்டிக்கொண்டே கேட்டார். "என்ன மாப்ள, ஆர்டரு இல்லியா?"

"ஆர்டரெல்லாம் இருக்குதுங்க மாமா. ஓணத்துக்குப் பாலக்காட்டு ஏவாரி மூவாயிரம் பெட்ஷீட்டு சொல்லியிருக்கறாரு. ஆவணி நாலாந்தேதி லாரி ஏத்தோணும். சாயத்தக் கரைக்கறதுக்குப் பசைதானுங்க இல்ல."

"பசைன்னா?"

"கம் பவுடருங்க. சாயம் தண்ணியாட்டம் ஓடாம, பூ வெச்ச எடத்துல நிக்கறதுக்கு அதுதான் போடறது. மின்ன கிலோ நூறு ரூவாய்க்கு வாங்குனது, இப்ப ஆயரத்துக்கு நிக்குது. அந்த வெலைக்கும் ஈரோட்டுல சரக்கு இல்லீங். எல்லாம் கப்பலேறிப் போகுதுங்கறாங்க."

பாலுசாமி கையை உதறிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். முகத்தில் சந்தோஷத்தை மறைக்கத் தெரியாத மனுஷன்.

"அட, அது நம்ம கொத்தவரைதான் மாப்ள. நம்ம வெதைலதான் அந்த கம்மு எடுக்கறாங்க. வெல இன்னும் ஏறுமுன்னு கிருபா சொல்றான். போன வாரம் ஒரு ஏவாரி வந்து பதினெட்டாயரத்துக்குக் கேட்டான், குவிண்டாலுக்கு. போடா போன்னுட்டேன்."

"தெரியுமுங்க மாமா" என்றான் கதிரேசன்.

தெரிந்தும் அவன் அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. அக்கா வீட்டில் கை நீட்டுவது எங்கள் பக்கத்து ஆண்களுக்கு வராது. அதுவும் நோம்பிச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்த இடத்தில் வரவே வராது. அவன் பாட்டுக்கு அரிசிம்பருப்புச் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான். சென்னியம்மாள்தான் உள்ளுக்கும் வெளிக்கும் நடந்தாள். இந்த மனுஷனுக்கு விலை ஏற வேண்டும், அந்தப் பையனுக்கு விலை இறங்க வேண்டும். இரண்டு பேருக்கும் சோறு போடுகிறவள் யார் பக்கம் சாமி கும்பிடுவாள்?

கதிரேசன் கிளம்பும்போது இட்டேரிப் பாதை முக்கு வரைக்கும் கூட நடந்தாள். காற்றில் சேலையை இழுத்துப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"இந்த ஆர்டரு போயிருச்சுன்னா?"

"ஏவாரி சோலாப்பூருக்குப் போயிருவாருக்கா. ஒருக்காப் போனா திரும்பி வர மாட்டாரு. டேபிளையெல்லாம் பிரிச்சு வித்துப்போட்டு, பட்டறையக் குடோனுக்கு உட்டுரலாம்னு இருக்கறேன். திருப்பூர்ல ஒரு கம்பெனியில சூப்பர்வைசரு வேலைக்குச் சொல்லி வெச்சிருக்குது. பஷீர் பாய்தான் பாவம். இருவது வருசமா அங்கயே கெடந்தவரு."

"உங்க மாமாகிட்ட ஒரு மூட்டை கேட்டா என்ன?"

"வேண்டாங்க்கா. மஞ்சள்ல அடி வாங்கி, இப்பத்தான் நிமிந்து உக்காந்திருக்கறாரு. அதுல போயி நான் கை வெக்கப்படாது. நீங்களும் கேக்காதீங்க."

ஆனால் அவள் கேட்டாள். அன்றைக்கு மாலையே கேட்டாள்.

"ஏனுங்க, தம்பிக்கு ஒரு மூட்டை குடுத்தா என்னங்க? ஓணம் முடிஞ்சு குடுத்துப் போடுவான்."

"புரியாமப் பேசாத புள்ள. பதினாலு மூட்டையும் ஒரே லாட்டு. ஏவாரிக்கு லாட்டாக் காட்டோணும். ஒண்ணப் பிரிச்சா, எதுக்குப் பிரிச்சே, ஈரமான்னு கேட்டு வெலையக் கொறைப்பான். வித்ததுக்கப்பறம் அவனுக்கு வேணுங்கறதச் செய்யலாம். செவ்வாக்கெழமை மலைக்குப் போயி, ஆடி முடியற வரைக்கும் வெச்சிருக்கட்டுமான்னு கேட்டுட்டு வந்துரலாம். சாமி சொல்றதுதான்."

செவ்வாய்க்கிழமை இரண்டு பேரும் படியேறினார்கள். மலைமேல் வரைக்கும் பஸ் போகிறது. ஆனால் பூக் கேட்கப் போகிறவர் பஸ்ஸில் போக மாட்டார். பாலுசாமி வழியெல்லாம் விலையைப் பற்றியே பேசிக்கொண்டு ஏறினார். ஐந்நூறாவது படியில் மூச்சு வாங்கியதால் கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். சென்னியம்மாள் அந்த நேரத்தில்தான் யோசித்தாள்.

சந்நிதியில் கூட்டம் இல்லை. அர்ச்சகர் பூவை வைத்துவிட்டு ஒதுங்கி நின்றார். பாலுசாமி கண்ணை மூடி உதட்டை அசைத்துக் கேட்டார். ஆடி முடியற வரைக்கும் விக்காம வெச்சிருக்கட்டுமா?

அவருக்கு ஒரு முழம் தள்ளிச் சென்னியம்மாள் நின்றாள். கல்யாணமாகி இருபத்து மூன்று வருஷத்தில் எத்தனையோ தரம் அப்படிப் பக்கத்தில் நின்றிருக்கிறாள். கேள்வி அவருடையது, இவள் வெறும் துணை. அன்றைக்கு ஏனோ அவளும் கண்ணை மூடினாள். முருகா, ஒரே ஒரு மூட்டை எந்தம்பிக்கு எடுத்துக் குடுக்கட்டுமா? கேட்ட பிறகுதான் தான் என்ன செய்துவிட்டோம் என்று அவளுக்குப் பட்டது. ஒரு பூவுக்கு இரண்டு பேர் கேட்கலாமா என்று அவளுக்குத் தெரியாது. யாரையும் கேட்கவும் முடியாது.

பூ வலப்பக்கம் விழுந்தது.

"பாத்தியா?" என்றார் பாலுசாமி. அவர் முகமெல்லாம் சிரிப்பு.

"பாத்தனுங்க" என்றாள் அவள்.

வியாழக்கிழமை பாலுசாமி பால் சொசைட்டி மீட்டிங்குக்குப் போயிருந்த நேரத்தில், சென்னியம்மாள் போனில் கூப்பிட்டதன்பேரில் பஷீர் மொபெட்டில் வந்தார். ஐம்பத்தைந்து வயது, ஒல்லியான ஆள். கதிரேசன் பட்டறையில் சாயம் கலக்கும் மாஸ்டர். எந்தக் கலரையும் விரலில் தொட்டு உதறிப் பார்த்தே சொல்லிவிடுவார். மூட்டையைப் பின்னால் வைத்துக் கட்டும்போது தயங்கினார்.

"அம்மணி, ஊட்டுக்காரருக்குத் தெரியுமுங்களா?"

"சாமிக்குத் தெரியுமுங்க பாய். நீங்க கட்டுங்க."

மூட்டைக்குப் பின்னாலேயே பஸ் ஏறி அவளும் பட்டறைக்குப் போனாள். தம்பி பெண்சாதிக்கு வடகம் போடப் போனதாக வீட்டில் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். பட்டறையில் கதிரேசன் மூட்டையைப் பார்த்துவிட்டு, இது எப்படி வந்தது என்று இரண்டு தரம் கேட்டான். உத்தரவு வாங்கித்தான் வந்தது என்று அவள் சொன்னாள். யாருடைய உத்தரவு என்று அவன் கேட்கவில்லை.

விதை வந்துவிட்டது, அதிலிருந்து பசை எடுக்கிற வித்தை அங்கே யாருக்கும் தெரியாது. கம்பெனி மூட்டையில் மாவாக வருவதைக் கலக்கிப் பழகினவர்கள் அவர்கள். சென்னியம்மாள் கொஞ்சமும் யோசிக்காமல் சொன்னாள்.

"ஊறப் போட்டு ஆட்டுனா வருது. உளுந்துக்கு என்ன பண்றமோ அதுதானே?"

கோயமுத்தூர்ப் பக்கத்து மனுஷர்களுக்கு எதைக் கொடுத்தாலும் கிரைண்டரில் போடத்தான் தோன்றும். கதிரேசன் வீட்டில், அவன் பெண்சாதி கீதா விசேஷத்துக்கு மாவாட்ட வாங்கின பெரிய கிரைண்டர் இருந்தது. இரண்டு வள்ளம் விதையை ஊறப்போட்டு, உளுந்தைக் கழுவுவது போலத் தொலியைக் கழுவினார்கள். தொலி போகவில்லை. பரவாயில்லை என்று கிரைண்டரில் போட்டுத் தண்ணீரை விட்டார்கள். கரண்டு இருந்தது அன்றைக்கு அவர்கள் கெட்ட நேரம்.

ஐந்து நிமிஷம் நன்றாக ஓடியது. பிறகு உள்ளே இருந்தது உப்ப ஆரம்பித்தது. தண்ணீர் விட விட இன்னும் உப்பியது. வழவழவென்று விளிம்பைத் தாண்டி இறங்கி, கால் வைத்த இடமெல்லாம் வழுக்கியது. குழவி சுற்ற முடியாமல் முனகிக்கொண்டு நின்றது. மோட்டாரில் புகை கிளம்பியதும் கீதா ஓடிப் போய் சுவிட்சை அணைத்தாள்.

"அக்கா, இனி இதுல மாவாட்டி எப்படிங்க இட்லி சுடறது?" என்றாள். அழுவதா சிரிப்பதா என்று அவளுக்கே தெரியவில்லை.

பஷீர் மட்டும் கீழே குனிந்து அந்தக் குழம்பை விரலில் தொட்டார். தூக்கிப் பார்த்தார். நூல் நூலாக இறங்கியது. அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்ததைச் சென்னியம்மாள் பார்த்தாள்.

"பசை இதுல இருக்குதுங்க அம்மணி. நல்லாவே இருக்குது. ஈரமாப் போனதுதான் தப்பு. தொலியும் உள்ள இருக்கற மஞ்சக் கருவும் சேந்து வந்தா துணியில பூவு அழுக்கா உழுகும். வறுத்து, ஒடைச்சு, புடைச்சு, வெள்ளைய மட்டும் எடுத்து அரைச்சுப் பாக்கலாமுங்களா?"

அது அவளுக்குத் தெரிந்த வேலை. இரும்புச் சட்டியில் விதையை வறுத்தாள். திருகையில் போட்டு இரண்டாக உடைத்தாள். பட்டறை வாசலில் நின்று முறத்தை உயர்த்தினால் போதும், மீதியை ஆடிக் காற்று பார்த்துக்கொண்டது. தொலி பறந்தது, மஞ்சள் கரு தூளாகிச் சல்லடையில் இறங்கியது. கண்ணாடிச் சில்லு மாதிரி வெள்ளைப் பருப்பு முறத்தில் நின்றது. அதைத் தூக்கிக்கொண்டு மாவு மில்லுக்குப் போனால், மில்லுக்காரி மாசாணியம்மாள் முறைத்தாள்.

"இத அரைச்சுப்போட்டு அப்பறம் வர்ற ராகிக்கு நான் என்னங்க பதில் சொல்றது? களியக் கிண்டுனா சட்டியே கூட வந்துரும்."

கடைசியாக அரைத்து, மில்லையும் கழுவித் தருவதாகச் சொன்ன பிறகுதான் ஒத்துக்கொண்டாள்.

பஷீர் அந்த மாவைத் தண்ணீரில் தூவிக் கலக்கி, ஒரு மணி நேரம் ஊறவிட்டு, வேட்டித் துணியில் வடிகட்டினார். நீலச் சாயத்தை ஊற்றிக் கலக்கினார். டேபிளில் துணியை விரித்து, சட்டத்தை வைத்து ஒரு இழுப்பு இழுத்தார். சட்டத்தைத் தூக்கினார். தாமரை இதழ் ஓரம் கலங்காமல் வரிசையாக நின்றது. கதிரேசன் கையை அதில் வைத்துப் பார்க்கப் போய், கையெல்லாம் நீலமாக்கிக்கொண்டான். சென்னியம்மாளுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. காற்றில் தூசி விழுந்ததாகச் சொல்லிக்கொண்டாள்.

மறுநாளே எட்டு ஆட்கள் வேலைக்கு வந்தார்கள். கரண்டு இல்லாவிட்டாலும் டேபிள் ஓடும் என்பதுதான் அந்தத் தொழிலின் ஒரே சௌகரியம். பசை ஒரு நாளைக்கு மேல் தாங்கவில்லை. காலையில் கலந்தது மறுநாள் விடியும்போது புளித்து நாறியது. ஆகவே தினமும் புதிதாக வறுத்து, புதிதாக அரைக்க வேண்டியிருந்தது. சென்னியம்மாள் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வடகம் போடப் போனாள். ஆடி மாதத்தில் இத்தனை வடகமா என்று பாலுசாமி ஒரு தரம்கூடக் கேட்கவில்லை. அவருக்கு வேறு கவலை வந்துவிட்டது.

கிருபாசங்கர் தினமும் போன் செய்து விலை சொல்வது வழக்கம். முதலில் கொஞ்சம் இறங்கியிருக்குது என்றான். இரண்டு நாள் கழித்து இன்னும் இறங்கியிருக்குது என்றான். அப்புறம் அவன் போன் செய்யவில்லை. அவரே கூப்பிட்டார்.

"அப்பா, அமெரிக்காக்காரன் தேவைக்கு மேல வாங்கி ஸ்டாக்கு வெச்சிருக்கறானாம். அதுவுமில்லாம பசைக்குப் பதிலா வேற மருந்து கலந்து அடிக்கறாங்களாம். ராஜஸ்தான்ல வேற எல்லாரும் இதையே வெதைச்சுப் போட்டாங்க. இப்ப பாதிக்கும் கீழ வந்துருச்சுங்க. கெடைக்கற வெலைக்குக் குடுத்துருங்கப்பா."

அவர் ஏஜெண்டுக்குப் போன் போட்டார். சுவிட்ச் ஆஃப். பதினெட்டாயிரத்துக்குக் கேட்ட வியாபாரிக்குப் போட்டார். அவன் எடுத்து, எந்தக் கொத்தவரைங்க என்று கேட்டான். அன்றிலிருந்து அவர் தோட்டத்துச் சாளை வீட்டில் இருக்கவில்லை. மொபெட்டை எடுத்துக்கொண்டு பெருந்துறை, ஈரோடு, காங்கயம் என்று சுற்றினார். வந்தால் களத்தைச் சுற்றினார். உட்கார்ந்த இடத்தில் கால் ஆடிக்கொண்டே இருந்தது. சாமி வைத்திரு என்று சொல்லியிருக்கிறது, விலை இறங்கிக்கொண்டே போகிறது. இரண்டையும் ஒரே மண்டையில் வைத்துக்கொண்டு அந்த மனுஷனால் நிற்க முடியவில்லை.

ஆடி கடைசி நாள் காலையில் பஷீர் சென்னியம்மாளுக்குப் போன் செய்தார்.

"அம்மணி, மூட்டை நேத்தோட முடிஞ்சுதுங்க. ஆயரத்து எரநூறு பீஸு ஓட்டிப்போட்டோம். இன்னும் ஆயரத்து எண்ணூறு நிக்குது. நாலு நாள்தான் இருக்குதுங்க."

"வெல எறங்கிருச்சாமே பாய். கடையில கெடைக்காதுங்களா?"

"ஏறுனா அன்னைக்கே ஏத்துவாங்க. எறங்கறதுக்கு ஒரு மாசம் ஆகும். கையில இருக்கறது ஒசந்த வெலைக்கு வாங்குனதுன்னு சொல்லி அதே வெலதான் சொல்றாங்க. கதிரேசன் ஒண்ணும் பேச மாட்டேங்கறான். இன்னம் ரெண்டு மூட்டை இருந்தாப் போதுமுங்க. கேக்கறது தப்புன்னா மன்னிச்சுருங்க."

போனை வைத்துவிட்டு அவள் உள்ளறைக்குப் போனாள். பாலுசாமி அங்கே மூட்டைகளுக்கு முன்னால் நின்றிருந்தார். காங்கயத்திலிருந்து ஒரு ஆள் வந்து பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறான் என்று மேலடுக்கை இறக்கிக்கொண்டிருந்தார். விரலை நீட்டி எண்ணினார். மறுபடி எண்ணினார்.

"பதிமூணுதான் இருக்குது."

மெதுவாகச் சொல்லிவிடலாம் என்றுதான் அவள் வந்தாள். ஆனால் ஜன்னல் கதவு அடித்துக்கொண்டது, கூரைத் தகரம் தடதடத்தது. அவள் சொன்னது அவர் காதில் விழவில்லை. என்ன, என்ன என்று கேட்டார். கடைசியில் கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"நான்தானுங்க எடுத்தேன். தம்பிக்குக் குடுத்தேன்."

அவர் அவள் பக்கம் திரும்பினார். கை ஓங்குகிற ஆள் இல்லை. ஆனால் முகம் சுருங்கிவிட்டது.

"என்னையக் கேக்காம?"

"உங்களையக் கேட்டனுங்க. நீங்க வேண்டாம்னீங்க. அப்பறம் சாமியக் கேட்டேன்."

"சாமிய எப்பக் கேட்ட?"

"அன்னைக்குத்தானுங்க. நீங்க கேட்டப்பவே. உங்க பக்கத்துல நின்னு நானும் ஒண்ணு கேட்டேன்."

"அது நான் கேட்ட பூவு."

"ஆமாங்க. நானும் கண்ண மூடிக் கேட்டுப்போட்டேன். வலது பக்கம் உழுந்துச்சு. தப்புன்னா எனக்குத்தானுங்க பாவம், தம்பிய ஒண்ணும் சொல்லாதீங்க. அவன் பட்டறைய மூடிட்டுத் திருப்பூருக்கு ஆள் வேலைக்குப் போறேன்னு நின்னான். என்னால சோறு திங்க முடியுல. வெல ஏறோணும்னு நீங்க சொல்றப்ப எல்லாம், எறங்கோணும் எறங்கோணும்னுதான் எனக்கு மனசுக்குள்ள ஓடுச்சு. அதையும் சொல்லிப்போடறேன்."

சொல்லிவிட்டு அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். பாலுசாமி ஒரு மூட்டையின் மேல் உட்கார்ந்தார். நாட்கணக்காக ஆடிக்கொண்டிருந்த கால் அன்றைக்குத்தான் நின்றது. வெளியே கன்றுக்குட்டி கத்தியது, யாரும் எழுந்து போகவில்லை.

"சாமி பொய் சொல்லாது" என்றார் கடைசியில்.

அவள் போய் அடித்துக்கொண்டிருந்த ஜன்னல் கதவைச் சாத்தினாள்.

"ஆடி முடியற வரைக்கும் வெச்சிருன்னு எனக்கு உத்தரவு குடுத்திருந்தா வெல இப்படி உழுந்திருக்காது. சாமிக்குத் தெரியாதா என்ன? தெரிஞ்சே எனக்கு எப்படி வலப்பக்கம் உழுகும்?" அவர் தரையைப் பார்த்தே பேசினார். "உந்தம்பி பட்டறை ஓடுச்சா?"

"ஓடுச்சுங்க. ஆயரத்து எரநூறு ஓட்டிப்போட்டாங்க. பூவு அத்தன சுத்தமா வந்துச்சு. இப்ப வெதை இல்லாம நிக்குது."

"அப்ப அது உன்ற பூவு" என்றார். உட்கார்ந்திருந்த மூட்டையைத் தடவிக்கொண்டே, "நான் கேட்டதுக்குச் சாமி ஒண்ணுமே சொல்லுல. நானாத்தான் எடுத்துக்கிட்டேன்" என்றார். அதைச் சொல்லும்போது அவர் குரல் இறங்கிவிட்டது. அந்தக் காற்றிலும் அவளுக்கு அது கேட்டது.

மஞ்சளில் போன வருஷம் போனது, கொத்தவரையில் இந்த வருஷம் போய்விட்டது. அவருக்கு அது தெரியும். அவளுக்கும் தெரியும். அவள் அவர் பக்கத்தில் போய் நின்றாள்.

"எத்தன மூட்டை வேணுமாம்?"

"ரெண்டு இருந்தாப் போதும்னாங்க."

"மூணாக் குடுத்துரு. கடைசியில பத்தாமப் போயிரப் போகுது. காங்கயத்தான் வந்தா மிச்சத்த என்ன வெலைக்கோ போடலாம். மாப்ள ஓணம் முடிஞ்சு குடுக்கறதக் குடுக்கட்டும்." எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார். "பாய்க்குப் போன் போட்டு வண்டிய எடுத்துட்டு வரச் சொல்லு."

அவள் போனை எடுத்தாள். ஆனால் நம்பரைப் போடவில்லை. இந்த மனுஷன் ஒரு காரியத்தை இப்படிச் சட்டென்று முடிவு செய்து அவள் பார்த்ததே இல்லை. மறுபடியும் தன்னால் ஒரு தப்பு நடந்துவிடக் கூடாது என்று அவளுக்குப் பயமாக இருந்தது.

"ஏனுங்க, இதுக்கு ஒருக்காப் போயிப் பூக் கேட்டுப் போடலாங்களா?"

பாலுசாமி மூட்டையின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு அவளைப் பார்த்தார்.

"வேண்டாம். கேட்டுட்டு இருந்தா லாரி போயிரும்" என்றார். "நீ அந்தப் பக்கம் புடி."